62-ல் வண்டியை நிறுத்தாதே

சிரஞ்சீவி குமரனுக்கு, அப்பா ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மூன்று வாரமாக நீ போன் எடுக்கவில்லை, வேலை இருக்கும். நவம்பர் பிறந்துவிட்டது, மான்கள் கண்மண் தெரியாமல் ரோட்டுக்கு ஓடிவரும் மாதம். ஒன்று குறுக்கே போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். இருட்டியபின் 62-ஆம் நம்பர் ரோட்டில் எங்கேயும் வண்டியை நிறுத்தாதே.

போன சனிக்கிழமை ராத்திரி, பக்கத்து வீட்டுக்காரர் மேசன் ஊரிலிருந்து வரும்போது, டிஎன்டி ஏரியா என்கிற பழைய வெடிமருந்துக் கிடங்குப் பக்கத் திருப்பத்தில் ஒரு சாம்பல் நிற ஹோண்டாவைப் பார்த்தாராம். ஒஹையோ நம்பர், பின்கண்ணாடியில் பிள்ளையார் ஸ்டிக்கர். "மாத்மேனைப் பார்க்க வந்த பையன் போல" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த இறக்கை முளைத்த மாத்மேனைத் தேடி வருகிறவர்களுக்குக் குறைவா? செப்டம்பர் மாத்மேன் திருவிழாவுக்கு பாயின்ட் பிளசன்ட் டவுனில் கால் வைக்க இடமில்லை. 1966 நவம்பர் 15 ராத்திரி இரண்டு ஜோடிகள் அங்கே சிவப்புக் கண்ணும் இறக்கையுமாக எதையோ பார்த்தார்கள். மறு வருஷம் டிசம்பர் 15-ல் சில்வர் பாலம் ஆற்றில் விழுந்து 46 பேர் போனார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது ஊர். பாலத்தைத் தாங்கிய சங்கிலியில் ஒரே ஓர் இரும்புப் பட்டை, அதில் 2.5 மில்லிமீட்டர் விரிசல், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் நீ இதை போர்டில் வரைந்து காட்டினாய். டீச்சர் சொன்னதை ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன்னிடம் மட்டும் சொன்னதில்லை.

டிஎன்டி ஏரியாவில் நிறுத்தாதே. அங்கிருந்து வீட்டுக்கு ஆறேழு மைல்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் "இன்னைக்கு மாத்மேனைப் பார்த்தீங்களாப்பா?" என்று கேட்க டார்ச்சும் கையுமாகக் காத்திருப்பாய். நைட் டூட்டி என்று நான் சொன்ன ராத்திரிகளில் பாதி, டூட்டியே கிடையாது. வார்டில் யாராவது போய்விட்டால் எனக்கு வீட்டுக்குள் வர முடியாது. உலகப் போர்க் காலத்து வெடிமருந்துக் கிடங்கு, புல் மூடிக் கிடக்குமே, அதன் பக்கத்தில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ தூங்கியிருப்பாய் என்று தோன்றிய பிறகுதான் வண்டியை எடுப்பேன். ஒரு தடவை விடிந்தேவிட்டது. நீ சோபாவில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போயிருந்தாய், பேட்டரி தீர்ந்து மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

பின்கதவுச் சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது. எந்த நேரமானாலும் சரி, நான் எதுவும் கேட்க மாட்டேன். அம்மா கேட்பாள், அது வேறு.

எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள். பார்சலில் அனுப்புவதாக இல்லை.

அப்பா