பிரஜ்னேஷ் ஆடிய முதல் சுற்றுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை டென்னிஸ் வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2024 நவம்பரில் ஓய்வு பெற்றார். அவர் பேச்சு வந்தாலே, 'கிராண்ட்ஸ்லாம் என்ற நான்கு பெரிய தொடர்களில் முதல் சுற்றைத் தாண்டாதவர்தானே' என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்த முதல் சுற்றுகளைக் கொஞ்சம் பார்ப்போம். 2019 ஆஸ்திரேலிய ஓப்பனில் மூன்று தகுதிச் சுற்று ஆட்டங்களை ஜெயித்துத்தான் உள்ளே போனார். எதிரே அமெரிக்காவின் டியாஃபோ. அந்தத் தொடரில் டியாஃபோ கால் இறுதி வரை போனார். விம்பிள்டனில் வந்து வாய்த்தவர் ராவ்னிச், 2016-இல் அதே புல்தரையில் இறுதி ஆட்டம் ஆடியவர். அமெரிக்க ஓப்பனிலோ மெத்வதேவ். அந்த முறை இறுதியில் நடாலை ஐந்து செட் வரை இழுத்தடித்தவர் அவர்தான். பிரெஞ்சு ஓப்பனில் பொலிவியாவின் டெல்லியனிடம் தோற்றதை வேண்டுமானால் கைநழுவிய வாய்ப்பு என்று சொல்லலாம். மற்றவற்றுக்கு அவரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. ஒற்றையர் பிரிவில் மொத்தமே 128 பேர். நேரடியாக இடம் கிடைக்க உலகத் தரவரிசையில் ஏறக்குறைய முதல் நூறுக்குள் இருக்க வேண்டும். அந்த வருஷம் ஏப்ரலில் பிரஜ்னேஷ் 75-ஆவது இடத்தில் இருந்தார்.

அந்த இடத்துக்கு வர அவர் பட்ட பாடுதான் பெரிசு. முழங்கால் எலும்பில் விரிசல் விட்டு, ஒரு ஆட்டக்காரர் வளர வேண்டிய வயதில் ஏறக்குறைய ஐந்து வருஷம் வீணாகப் போனது. முதல் நூறுக்குள் நுழைந்தபோது வயது 29. அதற்குக் கைகொடுத்தது நுங்கம்பாக்கத்தில் 2019 பிப்ரவரியில் நடந்த சென்னை சேலஞ்சர் (பெரிய தொடர்களுக்கு அடுத்த நிலைப் போட்டி); அதில் அரை இறுதி வரை போனார். அவருடைய இடது கை ஃபோர்ஹேண்டை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பந்து மேலெழும்போதே எட்டிப்பிடித்து, குறுக்கே கோட்டோரமாக அடித்துவிடுவார். அடுத்த மாதமே அமெரிக்காவின் இண்டியன் வெல்ஸ் தொடரில் தகுதிச் சுற்றிலிருந்து கிளம்பி, அந்தத் தொடரின் தரநிலைப் பட்டியலில் 17-ஆவதாக இருந்த பாசிலாஷ்விலியை மூன்றாவது செட் டைபிரேக்கரில் வீழ்த்தினார்.

டென்னிஸ்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பயிற்சியாளர், விமானம், ஓட்டல் என்று எல்லாம் பெரும்பாலும் சொந்தச் செலவு. ஒரு வாரம் ஆடாமல் இருந்தால் புள்ளியும் வராது, பணமும் வராது. 2018 பிரெஞ்சு ஓப்பன் தகுதிச் சுற்றில் தோற்றதும் அவர் இத்தாலியில் விசென்ஸா சேலஞ்சருக்குப் பெயர் கொடுத்துவிட்டார். அப்புறம் பாரீஸில் பலர் விலகினார்கள். அங்கேயே காத்திருந்தால் 'லக்கி லூசர்' ஆக, அதாவது தகுதிச் சுற்றில் தோற்றும் விலகியவர் இடத்தைப் பெறுபவராக, உள்ளே போயிருக்கலாம். முதல் சுற்றில் தோற்றாலே 40,000 யூரோ. அவர் எடுத்தது அவசர முடிவு என்று நான் சொல்லமாட்டேன். வராமலும் போகக்கூடிய ஓர் இடத்துக்காகக் கையில் இருக்கும் போட்டியை எத்தனை பேர் விடுவார்கள்? அந்த லக்கி லூசர் இடம் அவருக்கு 2020 ஆஸ்திரேலிய ஓப்பனில்தான் கிடைத்தது.

இன்னொன்று. 1997 முதல் 2017 வரை நம் ஊரில் நடந்த ஏடிபி போட்டி (சேலஞ்சருக்கு மேல்நிலையில் உள்ள ஆண்கள் தொடர்) 2018-இல் புனேவுக்குப் போய்விட்டது. சரியாக அந்த வருஷம்தான் பிரஜ்னேஷ் மேலே ஏறத் தொடங்கினார். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கனடா வீரர் ஷபோவலோவை வென்றதும், பாலெம்பாங்கில் ஆசிய விளையாட்டு வெண்கலம் வாங்கியதும் 2018-இல்தான். அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு ஏடிபி ஆட்டத்தைக்கூடச் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் ஆட முடியாமல் போனதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். பிரஜ்னேஷிடம் ஒரு நீண்ட பேட்டி எடுத்து வெளியிடுங்கள். ஃபெடரரைப் பற்றியும் ஜோகோவிச்சைப் பற்றியும் கேட்க வேண்டாம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படிப் பயிற்சி செய்தார், எந்த வாரம் எந்த ஊரில் ஆடுவது என்று எப்படித் தீர்மானித்தார், பணத்துக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். பிள்ளையைக் காலை ஐந்தரைக்கு டென்னிஸ் பயிற்சிக்கு அழைத்துப் போகும் பெற்றோர் எல்லோருக்கும் அந்தப் பதில்கள் தேவை. அப்படியே, நுங்கம்பாக்கத்தில் அடுத்த சேலஞ்சர் நடக்கும்போது முதல் நாளிலிருந்தே ஒரு செய்தியாளரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புரசைவாக்கம், சென்னை.