முதுகைக் கடன் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

பயிற்சியின் கடைசி நாளில் வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டோம், சான்றிதழைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டோம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கலைந்தோம். நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தில் இல்லை. இருந்தவர்களிடமும் ஏதோ முனகிவிட்டுத்தான் வந்தேன். முதுகெலும்புப் பக்கவளைவுக்கு, அதாவது ஸ்கோலியோசிஸுக்கு, உடற்பயிற்சியும் பிரேஸ் என்னும் கெட்டியான உடற்கவசமும் கொண்டு சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்ட ஓர் இயன்முறை மருத்துவரின் பழைய பாக்கி இது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி ஒரு பெண்ணுக்கு. தங்கையே, உன் பெயரை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நீ என்னிடம் வந்தபோது உனக்குப் பதினொரு வயது. எக்ஸ்ரேயில் வளைவு 22 டிகிரி. நான் படிப்பை முடித்து இரண்டாவது ஆண்டு; எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்த ஆண்டு. நீச்சலுக்குப் போகச் சொன்னேன், பள்ளிப் பையை இரு தோள்களிலும் மாட்டச் சொன்னேன், நிமிர்ந்து உட்காரச் சொன்னேன், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னேன். உன் எக்ஸ்ரேயின் கீழ்ப்பகுதியில் இடுப்பெலும்பின் முகடு தெளிவாகத் தெரிந்தது. அங்கே எலும்பு படிந்திருக்கும் அளவைப் பார்த்து 0 முதல் 5 வரை எண் போடுவார்கள். ரிஸ்ஸர் குறி என்று பெயர். உனக்கு அது 0. இன்னும் நிறைய வளரப்போகிறாய், வளைவும் கூடவே ஓடும் என்று அந்த எண் கத்திக்கொண்டிருந்தது. நான் பார்க்கவேயில்லை. ஆறு மாதம் என்பது தேர்வு, விடுமுறை என்று பத்து மாதமாகிவிட்டது. திரும்பி வந்தபோது நீ ஆறு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாய், வளைவு 38 ஆகியிருந்தது.

உன்னை வேறு கைகளில் ஒப்படைத்தோம். பிரேஸ் போட்டுக்கொண்டு வளர்ச்சி முடியும்வரை தாக்குப்பிடித்தாய். நானும் அப்போதுதான் இதை ஒழுங்காகப் படிக்கவேண்டும் என்று தேடத் தொடங்கினேன். இத்தனை ஆண்டுகள் கழித்து, பயிற்சி வகுப்புக்கு முதுகைக் காட்ட ஒருவர் தேவை என்றபோது, வேறு யாரும் கிடைக்காமல் தயங்கித் தயங்கி உன்னைக் கேட்டேன். மறுவார்த்தை பேசாமல் வந்தாய்.

பதினான்கு பேர் பயில வந்திருந்தோம். பதினான்கு பேரும் தொட்டுப் பார்த்தோம். "அக்கா, எல்லார் கையும் ஐஸ் மாதிரி இருக்கிறது" என்று சொன்னாய். அதற்குப் பிறகு நாங்கள் வரிசையாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து நீதான் முதலில் சிரித்தாய். நடுமுதுகில் துருத்தும் முள்முனைகளை ஒவ்வொன்றாகத் தடவி மையால் புள்ளி வைக்கும்படி பயிற்சியாளர் என்னிடம் சொன்னார். வைத்தேன். சேர்த்துப் பார்த்தால் மென்மையான ஒரு நெளிவு, பெரிய விஷயமே இல்லை என்பதுபோல. அடுத்த நொடி அவர் உன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். புள்ளிக்கோட்டைக் காட்டிலும் எலும்பின் வளைவு எவ்வளவோ பெரியது. முள்ளெலும்பு பக்கவாட்டில் சாயும்போது திருகவும் செய்கிறது. அதன் முனை உட்குழிந்த பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. ஆகவே விரல் எப்போதும் குறைத்தே சொல்லும். இதற்குப் பக்கவளைவு என்று பெயர் வைத்ததற்குப் பதில் திருகல் என்று வைத்திருந்தால் என்னைப் போன்றவர்கள் பலருக்குப் பத்து ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

பிறகு உன்னைக் குனியச் சொன்னார். வில்லியம் ஆடம்ஸ் என்ற மருத்துவர் 1865ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்த சோதனை அது. உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு நீ குனிய, வலப்புற விலாக்கள் மேடாக எழுந்து வந்தன. கொத்தனாரின் ரசமட்டம் போன்ற ஸ்கோலியோமீட்டரை அதன் மேல் வைத்தால் மேட்டின் சாய்வு 14 டிகிரி என்று காட்டியது. 7 காட்டினாலே எக்ஸ்ரேக்கு அனுப்பவேண்டும். பதினொரு வயதில் உன்னை நான் நிற்கவைத்துத்தான் பார்த்தேன், குனியச் சொல்லவில்லை. இதை அந்தப் பதின்மூன்று பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பயிற்சியாளர் அம்மையாருக்கு அடுத்த நன்றி. எதையும் எங்கள் உடம்பில் முதலில் செய்து காட்டாமல் நோயாளியிடம் சொல்ல அவர் விட்டதில்லை. ஒருக்களித்துப் படுத்து, இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் மணல் பொதிகளை வைத்து, காலை நீட்டி, குழிந்த பக்கத்துக்கு மட்டும் மூச்சை அனுப்பவேண்டும். முதல் நாள் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. மூச்சை ஒரு பக்கமாக அனுப்புவதா என்று நானே உள்ளுக்குள் நகைத்தேன்.

இந்த யோசனைக்கு உரியவர் காத்தரீனா ஷ்ரோத். 1894இல் ஜெர்மனியில் பிறந்தவர், மருத்துவர் இல்லை, தானே வளைந்த முதுகுக்காரர். பதினாறு வயதில் இரும்புச் சட்டத்துக்குள் பூட்டப்பட்டவர். பலூன் உப்புவதைப் பார்த்து, குழிந்த என் விலாக்கூட்டையும் உள்ளிருந்து காற்றால் நிரப்பினால் என்ன என்று கேட்டுக்கொண்டு, கண்ணாடிகளுக்கு நடுவே நின்று தன் மேலேயே சோதித்தார். 1921இல் மைஸன் நகரில் சிறிய மருத்துவ இல்லம் தொடங்கினார். பிற்பாடு அவருடைய மகளும் பேரனும் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள். கதையாகக் கேட்க அழகாகத்தான் இருக்கும். நான் நம்பியது மூன்றாம் நாள். தங்கையே, உன் இடப்புறக் குழிவில் ஒரு விரலை வைத்துக் காத்திருந்தேன். முதல் மூச்சில் ஒன்றுமில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் விரலுக்கடியில் விலா நகர்ந்தது, நகக்கண் அளவுக்கு. நான் மகிழ்ந்து நிமிர்வதற்குள் அம்மையார், "இப்போது கையை எடுங்கள்" என்றார். கையை எடுத்தபிறகும் நிற்கிற திருத்தம்தான் நோயாளியுடையது. கை இருக்கும்வரை நிற்பது நம்முடையது என்பது அவர் கணக்கு. அந்த ஐந்து நாட்களில் அவர் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான்.

இன்னொன்றுக்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். பயிற்சியால் முதுகை நேராக்கிவிடலாம் என்று எங்களைச் சொல்லவிடவில்லை. சிறிய வளைவு பெரிதாகாமல் பிடித்துவைக்க, பிரேஸுக்குள் தசைகள் சோம்பிப்போகாமல் பார்த்துக்கொள்ள, தன் உடம்பு எப்படி நிற்கிறது என்பதைப் பிள்ளைக்கே உணர்த்த இது உதவும். ஓடுகிற வளைவைத் தடுப்பதில் பலமான சான்று பிரேஸுக்குத்தான் இருக்கிறது. இதைப் பயிற்சி கற்பிப்பவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பிரேஸ் என்றதும் அதைச் செய்து பொருத்தும் எங்கள் ஆர்த்தோட்டிஸ்ட் ஐயா நினைவுக்கு வருகிறார். யாராவது அதைப் பெல்ட் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். பெல்ட் இடுப்பைச் சுற்றும், பிரேஸ் முப்பரிமாணத்தில் தள்ளும் என்று ஒரு சொற்பொழிவே நடக்கும். மாவுக்கட்டில் அச்செடுத்த காலத்திலும் சரி, இப்போது ஸ்கேன் எடுத்துக் கணினியில் செதுக்கும் காலத்திலும் சரி, அவர் பார்ப்பது அமுக்கும் இடத்தை விட, அதற்கு எதிரே விட்டிருக்கும் வெற்றிடத்தைத்தான். உடம்பு தப்பித்துப் போக இடம் இல்லாவிட்டால் அது பீப்பாய் என்பார். ஒரு பையனின் அக்குளில் உரசுகிறது என்பதற்காகத் தரையில் உட்கார்ந்து இரண்டு மில்லிமீட்டர் விளிம்பை மூன்று தடவை தேய்த்துத் தேய்த்துப் போட்டுப் பார்த்தார். தோல் சிவப்பது தவறில்லை, கழற்றி அரை மணி நேரத்துக்குள் மங்கவில்லை என்றால் அழைத்து வாருங்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

எத்தனை மணி நேரம் போடவேண்டும் என்பதுதான் வீடுகளில் நடக்கும் சண்டை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், எலும்பு வளர்ச்சி முடியும்வரை, அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கும் 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள் பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதம், வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் 48 சதவீதம். பிரேஸுக்குள் வைத்த வெப்ப உணரி உண்மையான நேரத்தைக் குறித்துவைத்தது. நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரமாவது அணிந்தவர்களில் தப்பியவர்கள் 90 சதவீதத்துக்கு மேல். இந்த எண்களைப் பெற்றோரிடம் முழுதாகச் சொல்கிறேன், 48ஐயும் சேர்த்து. பிரேஸ் இல்லாமலே தப்பியிருக்கக்கூடிய பிள்ளையும் நம்மிடம் இருக்கலாம். யார் அந்தப் பிள்ளை என்று முன்கூட்டி அறிய வழியில்லை என்பதால்தான் கேட்கிறோம். பள்ளியில் பிரேஸைக் கழற்றிப் பைக்குள் திணித்துவைத்து, மாலையில் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டு போன பையா, உண்மையை நீயாகவே வந்து சொன்னதற்கு நன்றி. நான் திட்டாததற்கு நீ நன்றி சொல்ல வேண்டாம். உன் வயதில் நான் கண்ணாடியையே மறைத்துவைத்தவள்.

அவனுடைய அம்மாவுக்கு: பிரேஸுக்கு உள்ளே போடும் பனியனை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் தையல் உறுத்தாது என்று நீங்கள் சொன்னது எந்தப் பாடத்திலும் இல்லை அம்மா. இப்போது வருகிற எல்லாருக்கும் முதல் நாளே சொல்கிறேன், கண்டுபிடித்தது நீங்கள் என்றும் சொல்கிறேன்.

எக்ஸ்ரே எடுக்கும் சகோதரருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளைத் திருப்பி நிற்கவைத்து, கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும்படி படம் எடுக்கிறீர்கள். மார்புக்குப் போகும் கதிரின் அளவு அதனால் குறைகிறது. ஒருவரும் கேட்காமல் செய்கிறீர்கள். அறுவைச் சிகிச்சை மருத்துவருக்கும் நன்றி: 25 டிகிரியில் எங்களிடம் அனுப்பியதற்கு மட்டுமல்ல, 52 டிகிரியில் வந்த ஒரு பிள்ளையை இன்னும் ஆறு மாதம் பயிற்சி செய்து பார்க்கிறேன் என்று நான் அடம்பிடித்தபோது, "வேண்டாம், என்னிடம் விடுங்கள்" என்று நயமாகச் சொன்னதற்கும். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள்.

கடைசியாகத் திரும்பவும் உனக்கு, தங்கையே. அந்தப் புள்ளிகள் ஒரு குளியலில் போய்விடும் என்று சொல்லித்தான் உன் முதுகில் வைத்தேன். நான்கு நாட்களாகப் போகவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தாய். பார்த்தேன், அவசரத்தில் எடுத்தது அட்டையில் எழுதுகிற அழியாத மைப் பேனா. எண்ணெய் தடவித் துடைத்துப் பார். அடுத்த முறை சரியான பேனாவைக் கொண்டு வருகிறேன், கைகளையும் முன்பே சூடாக்கி வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா