பெர்லினை விட்டு வந்த குழல்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைக்குப் பிறகு மறுபடியும் படிக்க முடிகிறது என்று தாங்கள் எழுதியிருந்ததைப் பார்த்ததும் மனம் நிம்மதி அடைந்தது. தங்கள் மகள் ஆர்கெஸ்ட்ராவில் தனக்குக் கிடைத்த புல்லாங்குழல் இடத்தை விட்டுவிட்டுத் தனிக் கலைஞராகப் போகலாமா என்று யோசிப்பதாகச் சொல்லி, என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். கடிதம் வந்த நாள் முதல் புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் கால்வேயின் நினைவாகவே இருக்கிறேன்.

1939-இல் பெல்ஃபாஸ்டில் பிறந்து, சிறுவயதில் தகரக் குழல் ஊதி, லண்டனிலும் பாரிசிலும் பயின்ற அவர், லண்டன் ஆர்கெஸ்ட்ராக்களில் பல ஆண்டுகள் வாசித்த பின், 1969-இல் கராயன் என்ற இசை நடத்துனரின் கீழிருந்த பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் முதன்மைக் குழல் கலைஞரானார். அதைவிட உயர்ந்த நாற்காலி அந்தக் கருவிக்கு இல்லை. ஆறே ஆண்டுகளில், 1975-இல், அதிலிருந்து தாமாகவே எழுந்துகொண்டார்.

அவர் எதை விட்டு வந்தார் என்பதை மகள் நன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் புல்லாங்குழலுக்கென்று ஒரு கான்செர்ட்டோகூட (தனிக் கலைஞர் ஒருவர் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு) எழுதவில்லை. ஆனால் அவருடைய நான்காம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் குழல் தனியே பேசும் அந்தச் சில வரிகளுக்கு ஈடாகப் பல முழுக் கான்செர்ட்டோக்களைச் சொல்ல முடியாது. 1894-இல் முதன்முதலாக ஒலித்த பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 'ஒரு ஃபானின் பிற்பகலுக்கு முன்னிசை' என்ற ஆர்கெஸ்ட்ராப் படைப்பு குழலோடுதான் தொடங்குகிறது; துணைக்கு வேறெந்தக் கருவியும் வராது. அந்த முதல் சுரத்துக்குத் துளைகள் ஏறக்குறைய எல்லாமே திறந்திருக்க, வலக்கைச் சுண்டுவிரல் மட்டும் ஒரு சாவியை (துளையைத் திறந்து மூடும் விசையை) அழுத்தியிருக்கும். கருவி கையில் நிற்காமல் உருளப் பார்க்கும். அந்த நிலையில் உதட்டையும் மூச்சையும் மட்டும் நம்பி, நடுங்காமல் அந்த ஒலியைப் பிறப்பிக்க வேண்டும். இத்தகைய இடங்கள் ஆர்கெஸ்ட்ராவில் அமர்ந்திருப்பவருக்கே வாய்க்கும்.

தனிக் கலைஞருக்கோ மொஸார்ட்டின் இரண்டு கான்செர்ட்டோக்கள் உண்டு (அவற்றில் ஒன்று ஓபோ என்ற வேறொரு ஊதுகருவிக்கு எழுதியதன் மறுவடிவம்). நீல்சன், இபேர் என்ற இசையமைப்பாளர்கள் எழுதியவை உண்டு. இன்னும் சில இருந்தாலும், பியானோவுக்கும் வயலினுக்கும் இருக்கும் செல்வத்தின் முன் இது சிறு கையிருப்புதான். கால்வே இதை உணர்ந்து, வாழும் இசையமைப்பாளர்களிடமே கேட்டுப் பெற்றார். 1977-இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் மோட்டார் சைக்கிள் மோதிக் கால்களும் ஒரு கையும் முறிந்து படுத்தவர், மறு ஆண்டே ஸ்பானிய இசையமைப்பாளர் ரொட்ரிகோ தமக்காக எழுதிய கான்செர்ட்டோவை அரங்கேற்றினார். அதே ஆண்டில் 'ஆனிஸ் சாங்' என்ற மெல்லிய பாட்டை வாசித்து, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனார். அதைக் குறையாகச் சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. குழலைப் பற்றி அதுவரை எண்ணிப் பாராத வீடுகளுக்குள்ளும் அதன் ஒலி சென்றது.

ஆகவே மகளிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: தனக்காக எழுதச் சொல்லி யாரிடம் போகப் போகிறாள்? அதற்கு விடை இருந்தால் போகட்டும். இல்லையென்றால் இன்னும் சில ஆண்டுகள் பிராம்ஸோடு இருக்கட்டும்.

1982-இல் கால்வேக்காக அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கொரிலியானோ, குழலூதிச் சிறுவர்களை அழைத்துச் சென்றவனின் கதையை வைத்து எழுதிய 'பைட் பைப்பர் ஃபான்டசி'யையும் அவள் கேட்க வேண்டும். அதன் முடிவில் தனிக் கலைஞர் பெரிய குழலை விட்டுத் தகரக் குழலை எடுக்கிறார். குழல் ஊதும் சிறுவர் கூட்டம் பின்தொடர, வாசித்துக்கொண்டே அரங்கை விட்டு வெளியே நடந்து போகிறார்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்