குலுக்கலில் இடம் வராதவர்கள் கவனத்துக்கு

தருமபுரி டவுன் பெற்றோர் எல்லோருக்கும் வணக்கம். ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) படி தனியார் பள்ளியில் இலவசமாகச் சேர்க்கும் 25 சதவீத இடத்தில் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். இரண்டு பள்ளியில் இடம் கிடைத்தவர் ஒன்றை எடுத்ததும் இன்னொன்று காலியாகும்.

பள்ளியிலிருந்து கூப்பிட்டால் விண்ணப்பத்தில் உள்ள நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். பிரவுசிங் சென்டரில் பதிந்தவர்கள் ஒப்புகைச் சீட்டை எடுத்து, அதில் யார் நம்பர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். கடைக்காரர் நம்பராகக்கூட இருக்கும்! பிறப்புச் சான்றிலும் வருமானச் சான்றிலும் அப்பா பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கட்டும்.

அப்புறம், இந்தச் சலுகை 8ஆம் வகுப்பு வரைதான்; 9ஆம் வகுப்பில் முழுக் கட்டணம். வேன் காசும் தனி. அதனால் பக்கத்து அரசுப் பள்ளியையும் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடுங்கள். 1 முதல் 5 வரை காலை உணவு உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி. என்னைக் கேட்டால், டீச்சர் எத்தனை பேர் என்பதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

பட்டியல் நகர்ந்தால் பள்ளிப் பெயரை மட்டும் இங்கே போடுங்கள். பிள்ளைகளின் சான்றிதழ் போட்டோ வேண்டாம்.