விரை வலிக்கு எங்கள் ஸ்கேனுக்காகக் காத்திருக்காதீர்கள்

அவசரப் பிரிவு நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் அணு மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் துறையின் ஸ்கேனைக் கேட்காதீர்கள் என்று நானே எழுதுவது விநோதம்தான்.

பையனுக்குத் திடீரென்று விரையில் வலி. ரத்தக் குழாய் முறுக்கிக்கொண்டதா, வெறும் அழற்சியா? முறுக்கு என்றால் உடனே அறுவை. அழற்சிக்குப் பெரும்பாலும் மருந்தே போதும். 1970களிலிருந்தே இதைப் பிரித்துச் சொல்லி வருகிறது எங்கள் ஸ்கேன். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றி, அதன் கதிரைப் படமாக்கும் காமா கேமராவில் பார்ப்போம். ரத்தம் போகாத விரை வெறுமையாகத் தெரியும், அழற்சி பிடித்தது பளிச்சென்று தெரியும். நேரம் கடந்த முறுக்கில் வெறுமையைச் சுற்றி ஒரு வளையம் விழும். பச்சிளங் குழந்தைகளின் சின்ன விரையில்தான் படத்தை நம்புவது கஷ்டம்.

படம் எடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நள்ளிரவில் டெக்னீஷியன் வீட்டிலிருந்து வர வேண்டும், மருந்தைத் தயாரிக்க வேண்டும். விரைக்கோ வலி தொடங்கியதிலிருந்து சுமார் 6 மணி நேரம்தான். அதற்குள் முறுக்கை அவிழ்த்தால் பத்தில் ஒன்பது விரைகள் பிழைக்கும். ஒரு நாள் கடந்தால் பத்தில் ஒன்று தேறுவதே அரிது. வெட்கப்பட்டு "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்லும் பையன்கள், அந்த 6 மணி நேரத்தில் பாதியை வீட்டிலேயே தொலைத்துவிட்டு வருகிறார்கள். அடிவயிற்று வலியோடு வரும் எந்தப் பையனுக்கும் கால்சட்டையைக் கழற்றிப் பார்ப்பதை டியூட்டி டாக்டருக்குக் கட்டாயமாக்குங்கள்.

முறுக்கா என்று கணிக்க 2013-இல் வெளியான 'ட்விஸ்ட்' மதிப்பெண்ணுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். வீக்கத்துக்கு 2, கல் போன்ற விரைக்கு 2. விரை மேலேறி நிற்பது, குமட்டல் அல்லது வாந்தி, தொடையின் உட்புறம் வருடியும் விரை அசையாதது, ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 7-இல் 5 வந்துவிட்டால் சர்ஜனைக் கூப்பிடுங்கள், ஸ்கேன் அறையை அல்ல. திறந்து பார்த்து முறுக்கு இல்லையென்றால் பையனுக்கு மிஞ்சுவது ஒரு சின்னத் தழும்பு.

சந்தேகம் இருந்தால் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்), அதுவும் உடனே கிடைத்தால். டாப்ளரிலும் தெளியாமல், கேமரா தயாராக இருக்கும் பகல் வேளையாகவும் இருந்தால் எங்களிடம் அனுப்புங்கள்.

கோரிக்கைப் படிவத்தில் 'வலி தொடங்கிய நேரம்' என்று ஒரு கட்டம் சேருங்கள். அது காலியாக வந்தால் ஊசி போடுமுன் நாங்களே போன் செய்து கேட்போம்.

இப்படிக்கு,
அணு மருத்துவப் பிரிவு ஊழியர் ஒருவர்