ஆயி கொடுத்த எள்ளு விழுது

அன்பானவர்களுக்கு,

கொரோனாவால் அடைபட்ட சீனாவின் வூஹான் நகரிலிருந்து கிளம்பி, தில்லித் தனிமை முகாமில் இருந்துவிட்டு, முந்தாநாள் இரவு புதுக்கோட்டை வந்து சேர்ந்தேன். நன்றாக இருக்கிறேன். எடுத்த பரிசோதனைகளில் ஒன்றுமில்லை. போனில் இதையே சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். என்ன நடந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. என்னைவிட டிவி நிறையப் பார்த்திருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். பெய்ஜிங் தூதரகத்தில் நடுராத்திரியிலும் போனை எடுத்தவர்கள், அந்த ஏர் இந்தியா ஜம்போவில் வூஹானுக்குப் பறந்து வந்த விமானிகள், பணியாளர்கள், டாக்டர்கள், 2020 பிப்ரவரி 1 காலை தில்லியில் இறங்கியதிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்ட முகாம்காரர்கள், பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறைக்கதவாகத் தட்டிய சீனியர் அண்ணன்கள், எங்கள் இண்டக்ஷன் அடுப்பைக் கண்டும் காணாமல் போன ஹாஸ்டல் வார்டன், இங்கே அம்மாவைத் தனியாக விடாமல் தினமும் வந்து உட்கார்ந்த எதிர்வீட்டு அத்தை. முகாமில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு நாள் இட்லி சுட்டுப் பார்த்தவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இட்லி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோருக்கும் கும்பிடு.

ஆனால் இந்த மடல் இன்னொருவருக்காக. அவருக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்கப் போவதுமில்லை. அவர் பெயரே எனக்குத் தெரியாது. சீனாவில் அம்மா வயதுப் பெண்களை எல்லோரும் ‘ஆயி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாயி, அம்மாயி என்று வளர்ந்தவளுக்கு அந்த ஊரில் கஷ்டப்படாமல் நாக்கில் வந்த ஒரே சொல் அது. அதனால் பெயர் கேட்கத் தோன்றவேயில்லை.

2017 செப்டம்பரில் மெடிக்கல் படிக்கப் போனபோது என் பெட்டியில் பாதி பொடிகள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி. முட்டை சாப்பிடுவேன், கறி மீன் கிடையாது. மூன்று மாதம் குக்கர் சோறும் பொடியும்தான். கேன்டீன் பக்கமே போகவில்லை. ஊரைச் சுற்றி என்ன மணக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ஒரு குளிர்காலக் காலை, குக்கர் வேலை செய்யவில்லை, எட்டு மணிக்கு வகுப்பு. வூஹானின் வூசாங் பகுதியில் எங்கள் ஹாஸ்டலுக்குப் பின்சந்தில் நடக்கிறேன். எண்ணெய்ச் சட்டியில் வடை மிதக்கிறது.

வடையேதான். நடுவில் ஓட்டை, ஓரம் தடிமன், பொன் நிறம். பேர் மியென்வோ. நடுவில் மேடு தட்டிய ஒரு கரண்டியில் மாவை ஊற்றி எண்ணெயில் இறக்குகிறார்கள். மேட்டின் மேல் மாவு மெல்லிசாகப் படிவதால் நடுப்பகுதி அப்பளம் மாதிரி மொறுமொறு, சுற்றிலும் பஞ்சு. போனில் மொழிபெயர்த்து ‘கறி இருக்கிறதா?’ என்று நீட்டினேன். ஆயி பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்துக் கடைக்குள் கூட்டிப்போய் மாவு வாளியின் மூடியைத் திறந்து காட்டினார். அரிசியும் சோயாவும் ஊறவைத்து அரைத்த மாவு, இஞ்சி, வெங்காயத்தாள். குனிந்து மோந்து பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு. அங்கேயே நின்று மூன்று தின்றேன்.

அதற்குப் பிறகுதான் ஜன்னலைத் திறந்தேன். வூஹான்காரர்கள் காலைச் சாப்பாட்டை ‘குவோத்ஸாவ்’ என்பார்கள், ‘காலையைக் கழிப்பது’ என்கிற மாதிரி. அது அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு மதம். நடந்துகொண்டே, பஸ்ஸுக்கு நின்றுகொண்டே, காகிதக் கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சாப்பிடுவார்கள். புளித்த அரிசிமாவில் மீபாபா சுடுவார்கள், லேசான இனிப்பு, ஆப்பத்துக்குத் தங்கச்சி. தோவ்பி என்கிற இன்னொரு பலகாரத்துக்குப் பச்சைப்பயறும் அரிசியும் அரைத்த மாவைத்தான் கல்லில் மெல்லிசாக இழுப்பார்கள், நம் அடை மாதிரி. உள்ளே வைக்கிற சோற்றில் பன்றிக்கறி சேர்வதால் தின்றதில்லை. வேடிக்கை பார்த்ததோடு சரி.

ரகான்மியென் என்கிற எள்ளு நூடுல்ஸ் சாப்பிட்டதற்கும் ஆயிதான் காரணம். அப்பளக்காரம் மாதிரி ஒரு காரம் கரைத்த நீர் சேர்த்துப் பிசைந்த மஞ்சள் நூடுல்ஸை முக்கால் வேக்காட்டில் எடுத்து, எண்ணெய் தடவி, விசிறிக்காற்றில் உலர்த்தி வைத்திருப்பார்கள். ஆள் வந்ததும் கொதிநீரில் நாலு முக்கு. பிறகு வறுத்த எள்ளை அரைத்த விழுது, ஊறின முள்ளங்கி, புளித்த காராமணிக்காய். எள்ளு மணத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எங்கள் ஊர்ச் செக்கடியில் நிற்கிற மாதிரி. ஆயி கடையில் கடைசியாகக் கறி வெந்த மசாலாத் தண்ணீர் ஒரு கரண்டி விடுவார். முதல் நாள் அந்தக் கரண்டி அந்தரத்திலேயே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார், திருப்பிப் பானையில் ஊற்றிவிட்டு நூடுல்ஸ் வெந்த தண்ணீரை விட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் தூரத்தில் என் தலை தெரிந்தால் போதும், அந்தக் கரண்டியை எட்டி வைத்துவிடுவார். இரண்டு வருஷம். ஒரு நாளும் நான் சொல்ல நேரவில்லை.

போன நவம்பரில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய எங்கள் வீட்டு எள்ளுப் பொடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, காரத்துக்குக் கொஞ்சம் இருமி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பாட்டிலை நான் மறந்துவிட்டேன்.

ஜனவரி 21. 25-ஆம் தேதி அவர்களுக்குப் புத்தாண்டு. ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஆயியும் கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார், சியாவ்கான் பக்கம் சொந்த ஊர். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். கழுத்துவரை எள்ளு விழுது. கூடவே காய்ந்த நூடுல்ஸ் கட்டுகள், ஒரு பையில் ஊறின முள்ளங்கி. காசு வாங்கவில்லை. விழுதை ஒரே பக்கமாகக் கலக்க வேண்டும் என்று காற்றில் விரலைச் சுற்றிக் காட்டினார். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று அப்பாயி எத்தனை தடவை சொல்லியிருப்பார். இவருக்கு யார் சொன்னார்களோ.

23-ஆம் தேதி காலை 10 மணிக்கு ஊரை அடைத்தார்கள். விமானம் ஏறும்வரை ஒன்பது நாள். எங்கள் அறையில் நாலு பேர். கடைகளில் கிடைத்ததும் கிடைக்காததும் உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஒரு வேளை நிச்சயமாக இருந்தது. காலையில் ஒருத்தி தண்ணீர் கொதிக்க வைப்பாள், ஒருத்தி விழுதை ஒரே பக்கமாகக் கலக்குவாள், நான் நாலு கிண்ணத்துக்கும் முள்ளங்கியை எண்ணிப் போடுவேன். அந்தக் கால் மணி நேரம் யாரும் போனைத் தொட மாட்டோம். பேச்சும் இருக்காது. பயத்தில் வயிறு சுருங்கியிருந்தபோதும் அது உள்ளே இறங்கியது.

வந்த இரண்டு நாளில் பதினாறு பேர் கேட்டுவிட்டார்கள், ‘அங்கே வௌவால் தின்னியா?’ என்று. பாதிப் பேர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள், பாதிப் பேர் இரண்டடி தள்ளி நின்று. கோபத்தில் ஒருவரிடம் கத்தியும் விட்டேன், சித்தப்பா மன்னிக்கணும். வடை தின்றேன் சித்தப்பா. எள்ளு தின்றேன். அதைக் கொடுத்த மனுஷி இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று தெரியாமல்தான் தூக்கம் வரவில்லை. அவர் ஊரையும் அடுத்து அடைத்துவிட்டார்கள்.

அவர் நம்பர் என்னிடம் இல்லை. தினமும் சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடைத்தான் ஸ்கேன் செய்து வீசாட் செயலியில் காசு கொடுப்பேன். நேற்று பழைய போட்டோக்களைத் துழாவினேன். அறைத்தோழி கிண்ணத்தோடு நிற்கிற ஒரு படத்தில், அவள் தோளுக்கு மேலே அந்த க்யூஆர் கோடு முழுசாக விழுந்திருந்தது. ஸ்கேன் ஆனது. ஒரு கிண்ணத்து விலை 5 யுவான் அனுப்பினேன். பணத்தோடு ஒரு குறிப்பு எழுதலாம். எனக்குத் தெரிந்த சீனத்தில் எழுதினேன்: “ஆயி, பாட்டில் என்னிடம் இருக்கிறது. நிரப்பிக்கொண்டு வருகிறேன்.”

பணம் போய்ச் சேர்ந்ததற்கு டிக் விழுந்தது. அந்த வழியில் அவர் பதில் எழுத முடியாது.

பாட்டில் இப்போது சமையலறை அலமாரியில் இருக்கிறது. அம்மா அதில் புளி போட்டுவைக்கப் பார்த்தார். விடவில்லை.