பாட்டிக்குப் பிடிக்காத 'ச்சாவ்'

அன்புள்ள கயல்,

பாட்டிக்கு மூட்டு வலி பரவாயில்லை. ஆனால் உன் மேல் ஒரு மனக்குறை. போனை வைக்கும்போது நீ 'ச்சாவ்' என்கிறாயே, "விளக்கு வைக்கிற நேரத்தில் சாவு கீவுன்னு என்ன பேச்சு?" என்கிறாள். இத்தாலிக்காரர்களின் வணக்கம் அது என்றேன், கேட்கவில்லை. சரி என்று அதன் கதையைத் தேடிப் படித்தேன்.

அது வெனிஸ் வட்டாரப் பேச்சில் பிறந்தது. 'ஸ்-ச்சாவோ' என்றால் அடிமை. 'உங்கள் அடிமை நான்' என்று பணிவாகச் சொன்னது தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. நம் வீட்டில் பெரியவர்களைப் பார்த்ததும் 'அடியேன்' என்போமே, ஏறக்குறைய அதேதான். இதைச் சொன்னதும் பாட்டி, "அப்படின்னா சொல்லட்டும்" என்று விட்டுவிட்டாள்.

அதற்கும் பின்னால் போனால் கதை கசக்கிறது. 'ஸ்க்லாவுஸ்' என்ற இடைக்கால லத்தீன் சொல் முதலில் கிழக்கு ஐரோப்பாப் பக்கத்து ஸ்லாவிய இனத்தாரைத்தான் குறித்தது. அவர்களை அவ்வளவு பேராகப் பிடித்துக்கொண்டுபோய் விற்றதில், ஓர் இனத்தின் பெயரே அடிமைக்குப் பெயராகிவிட்டது. ஆங்கில 'ஸ்லேவ்', பிரெஞ்சு 'எஸ்க்லாவ்', ஜெர்மன் 'ஸ்க்லாவே' எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். அந்த இனத்தாரின் சொந்தப் பெயரோ, பலரும் ஏற்கும் கருத்துப்படி, 'ஸ்லோவோ' என்பதிலிருந்து வந்தது. அதற்குச் 'சொல்' என்று பொருள். ஒரே பேச்சு பேசுகிறவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களுக்கு இந்தக் கதி!

இப்போது இத்தாலியில் யாரும் அடிமையை நினைத்து அதைச் சொல்வதில்லை. பார்க்கும்போதும் ச்சாவ், பிரியும்போதும் ச்சாவ். ஆனால் பழகியவர்களிடம் மட்டும்தான். உன் பேராசிரியரிடம் சொல்லி வைக்காதே, அவருக்கு 'புவோன்ஜோர்னோ'தான். பணிவின் உச்சமாக இருந்த சொல்லைப் பெரியவர்களிடம் சொன்னால் இன்று மரியாதைக் குறைவு, வேடிக்கைதான். ஜெர்மனியிலும் பிரேசிலிலும் அதை விடைபெறும்போது மட்டும் சொல்கிறார்கள்.

விடுமுறையில் வியன்னா போகிறாய் அல்லவா? அங்கே நண்பர்கள் 'செர்வுஸ்' என்பார்கள். லத்தீனில் அதற்கும் அடிமை என்றுதான் பொருள். ஹங்கேரியிலும் அது 'செர்வுஸ்' என்றே வழங்குகிறது.

உன் அறைத்தோழி போலந்துக்காரிதானே? அந்த ஸ்லாவிய மொழியில் நண்பர்கள் சொல்லும் வணக்கத்துக்கு 'மரியாதை' என்று பொருளாம். 'செஷ்ச்' என்று ஏதோ வரும், எனக்கு நாக்கு சுழலவில்லை. அவளிடம் சரியாகக் கேட்டு அடுத்த முறை போனில் சொல்லு.

அன்புடன்,
அப்பா